ரயிலுக்கு முடி வெட்டியவர்

அந்தத் தெருவில் ஈக்வல் அண்ணன் என்றால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லித் தேடி வருகிறவர் தபால்காரர் ஒருவர்தான். அவரும் நாலு கடை ஏறி இறங்கிவிட்டு, "ஓ, நம்ம ஈக்வலா? முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று அலுத்துக்கொண்டே வந்து சேருவார். முடி வெட்டி முடித்ததும் கைக்கண்ணாடியைப் பின்மண்டைக்குப் பிடித்து, "ஈக்வலா இருக்கா?" என்று கேட்பது அண்ணனின் வழக்கம். இருக்கிறது என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் விடமாட்டார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இல்ல சார், இந்தப் பக்கம் ஒரு நூல் ஜாஸ்தி" என்று மறுபடி கத்தரியை எடுத்துவிடுவார். அவசரக்காரர்கள் அந்த சலூனில் கால் வைக்கக் கூடாது. ஆனால் வேலை என்றால் வேலை, சும்மா சொல்லக் கூடாது.

இந்த வியாதி தலைமுடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டில் ஒரு ரொட்டியை இரண்டாகப் பிய்த்தால், எந்தத் துண்டு பெரிசு என்று பார்த்து அதில் ஒரு கடி கடிப்பார். உடனே மற்றது பெரிசாகிவிடும். அதில் ஒரு கடி. மனைவியின் தட்டுக்கு வந்து சேருவது வெறும் விளிம்பு. கல்யாணத்தன்று காலையில் தன் மீசையைத் தானே ஒதுக்கிக்கொள்ளப் போனார். வலது பக்கம் கொஞ்சம், அதற்கு ஈடாக இடது பக்கம் கொஞ்சம், அதற்கு ஈடாக மறுபடி வலது. புகைப்படக்காரர் வந்து நின்றபோது மூக்குக்குக் கீழே ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளிதான் மிச்சம். பெண்ணின் சித்தப்பா நேராக அவரிடமே வந்து, "தம்பி, மாப்பிள்ளை எங்கேப்பா?" என்று கேட்டாராம். இன்றைக்கும் அவர் மனைவி கோபம் வந்தால் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் சண்டையைத் தொடருவாள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மகளின் தலையைப் பார்க்க வேண்டுமே! ஒரு குடுமி காதுக்கு மேலே, இன்னொன்று உச்சிக்குப் பக்கத்தில். நெற்றி முடி எலி கடித்த திரைச்சீலை. குட்டி என்று கூப்பிடுவார்கள்; ஆறு வயது. அவளுக்கு முடி வெட்டுவது அவளுடைய அம்மா, அதுவும் சமையலறைக் கத்தரியால். அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். மாத்திரை அட்டையை நறுக்கிப் பழகிய கை அது. மகள் தலையையும் அப்படியே சதுரம் சதுரமாக நறுக்கி வைப்பாள்.

ஊரெல்லாம் வந்து குனிகிற கடை அப்பாவுடையது. மகள் ஏன் சமையலறையில் போய் உட்காருகிறாள்? காரணம் இதுதான். அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது, இடது காதோரம் ஒரு நூல் ஜாஸ்தி என்று அப்பா மறுபடி கத்தரியை எடுத்தார். குழந்தை தும்மியது. காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் வந்தது, அவ்வளவுதான். காயம் மறுநாளே ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. அன்றிலிருந்து அப்பா கையில் கத்தரியைப் பார்த்தால் இரண்டு காதையும் இரண்டு கையால் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாள். பள்ளிக்கூடத்தில், "உங்க அப்பா என்ன வேலை செய்றார்?" என்று டீச்சர் கேட்டதற்கு, "காது வெட்டுறார்" என்று சொல்லியிருக்கிறாள்.

டீச்சர் அதை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அம்மா அதை அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கடைக்குப் போய், மடித்து வைத்திருந்த துண்டுகளையெல்லாம் பிரித்து மறுபடி மடித்தார். "ஊர்த் தலையெல்லாம் என்கிட்ட குனியுது. என் பொண்ணு தலை மட்டும் குனிய மாட்டேங்குதே" என்று மனைவியிடம் சொன்னார். பாவம், மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது. அந்த நாற்காலியில் ஒரே ஒரு தடவை அவள் தானாக வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

மனைவிக்குத்தான் யோசனை தோன்றியது. "பொம்மைக்கடை ஜன்னல்ல ரயில் ஓடுது இல்ல, அதைப் பார்த்தா நகரவே மாட்டேங்கறா. வாங்கிக் கடையில வையுங்களேன்."

வாங்கிவிட்டார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சின்ன செட். ஒரு இன்ஜின், மூன்று பெட்டிகள், வட்டமாகக் கோர்க்கிற தண்டவாளம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு குமிழ். அகலமான பலகை ஒன்றைச் சலூன் நாற்காலிக்கு முன்னால், கண்ணாடிக்குக் கீழே ஆணியடித்துப் பொருத்தி, தண்டவாளத்தை அதில் போட்டார். எங்கே நின்றாலும் எட்டாது. நாற்காலியில் உட்கார்ந்தால்தான் எட்டும். எலிப்பொறிக்குத் தேங்காய் வைத்த மாதிரி வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு ரயிலை ஓடவிட்டுக் காத்திருந்தார்.

குட்டி வாசலில் வந்து நின்றாள். கண் விரிந்தது. ரயில் நேராக வந்தது, வளைவில் திரும்பியது. கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கிப் படுத்துக்கொண்டது. எடுத்து வைத்தார். மறுபடி அதே வளைவு, மறுபடி படுத்துக்கொண்டது. மூன்றாம் முறை, தான் விழுந்தது போதாதென்று மற்ற பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு பலகைக்குக் கீழே முடிக்குப்பையில் விழுந்தது.

"வந்து உட்காருடா குட்டி, அப்பா சரி பண்ணிடுறேன்."

குட்டி காதைப் பொத்திக்கொண்டு யோசித்தாள். யோசனையெல்லாம் அம்மா மாதிரி, கணக்கு சுத்தம். "ரயில் விழாம ஓடட்டும். அப்புறம் உட்காருறேன்" என்றாள்.

இதைவிட நல்ல செய்தி அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. "நிஜமா?" என்றார். "நிஜமா" என்றாள். போய்விட்டாள்.

அன்று முதல் கடையில் மனிதத் தலைக்கு மதிப்பில்லை. தெரிந்த வைத்தியத்தையெல்லாம் ரயிலுக்குச் செய்து பார்த்தார். தண்டவாளத்தில் முகப்பவுடர் தூவினார். இன்ஜின் தும்மிக்கொண்டு நின்றது. பவுடரைத் துடைத்துவிட்டு, முடிவெட்டும் மெஷினுக்குப் போடுகிற எண்ணெயைச் சக்கரத்துக்குப் போட்டார். இப்போது சக்கரம் ஜோராகச் சுழன்றது, இன்ஜின் மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அந்த எண்ணெயையும் துடைத்தார். சக்கரங்களின் அச்சில் பார்த்தால் முடி! கடை முடியெல்லாம் அங்கேதான் குடியிருந்தது. முடி பிடுங்குகிற சிமிட்டாவால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ரயில் நன்றாக ஓடியது, வளைவு வரைக்கும். வளைவில் கடைசிப் பெட்டி வழக்கம்போலப் படுத்துக்கொண்டது.

மாடியில் கடை வைத்திருக்கும் தையல்காரர் சவரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மறு கன்னத்தில் நுரை காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்தது.

"அண்ணே, இந்தப் பக்கம்..."

"இருங்க சார், இது ஒரு நிமிஷம். டார்ச்சைக் கொஞ்சம் இப்படிப் பிடிங்க."

பிடித்தார். வேறென்ன செய்வார், பாதி முகத்தோடு தெருவில் இறங்க முடியுமா?

அந்த நேரத்தில்தான் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்க்கிறவன். உலகத்தில் எது கெட்டாலும் உருளையில்தான் கோளாறு என்பது அவன் கட்சி. ஆனால் பையன் விஷயம் தெரிந்தவன்தான். பலகையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அத்தான், பேப்பர் சிக்கினா நாங்க முதல்ல என்ன பார்ப்போம் தெரியுமா? பேப்பர் கெட்டதா, மெஷின் கெட்டதான்னு பார்ப்போம். கடைசிப் பெட்டியை நடுவுல போடுங்க" என்றான்.

போட்டார். நடுவில் இருந்துகொண்டு அதே பெட்டிதான் விழுந்தது.

"பார்த்தீங்களா? வளைவு மேல தப்பில்ல. பெட்டி மேலதான் தப்பு. அதோட சக்கரத்தைக் கழட்டுங்க."

சக்கரத்தை என்னவென்று பார்ப்பது? இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. ஈக்வல் அண்ணன் சும்மா இருப்பாரா? சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். நல்ல பெட்டியின் ஒரு ஜோடிச் சக்கரத்துக்கு நடுவே சீப்பை வைத்துப் பல்லை எண்ணினார். கெட்ட பெட்டியில் வைத்தார். ஒரு பல் குறைந்தது. ஒரு சக்கரம் அச்சில் உள்ளே நகர்ந்து, இரண்டும் நெருங்கிப்போயிருந்தன. நேரான பாதையில் சமாளித்துக்கொண்டு, வளைவு வந்ததும் தண்டவாளத்துக்குள் இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான் சங்கதி.

"இந்தப் பக்கம் ஒரு பல்லு கம்மி!" என்று கத்தினார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைத் தையல்காரர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். இரண்டு சக்கரத்தையும் இரண்டு கையால் பிடித்து, மெதுவாகத் திருகித் திருகி வெளியே இழுத்து, சீப்பு வைத்துப் பார்த்து, இன்னும் ஒரு மயிரிழை இழுத்து மாட்டினார். பெட்டியைக் கடைசியில் கோர்த்து ஓடவிட்டார்கள். வளைவில் திரும்பியது. விழவில்லை! தையல்காரர் டார்ச்சோடு கை தட்டினார்.

கை தட்டி முடிவதற்குள் அடுத்த வம்பு. முதல் பெட்டிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இருந்த கொக்கி வளைவில் கழன்றுகொண்டது. இன்ஜின் ஒரு பெட்டியோடு ஜம்மென்று போய்விட்டது. பின்னால் இரண்டு பெட்டிகள் அநாதையாக நின்றன.

மச்சினன் குனிந்து பார்த்தான். "ஒரு கொக்கி கீழ தொங்குது அத்தான், இன்னொண்ணு மேல நிக்குது. அதான் வளைவுல நழுவுது. தொங்குறதை நகத்தால லேசா மேல வளைச்சு விட்டாப் போதும். எனக்கு ஒரு ஆபீஸ்ல மெஷின் நிக்குது, சாயந்திரம் வந்து நானே பண்றேன்." வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்தான். "எதையும் வெட்டிடாதீங்க. அக்கா கல்யாணப் படத்தை நானும் பார்த்திருக்கேன்."

"போடா, எனக்குத் தெரியாதா?" என்றார்.

தையல்காரரின் மறு கன்னத்தை முடித்து அனுப்பினார். கடை காலியாக இருந்தது. பெட்டிகளைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். கொக்கி ஒன்று மேலே, ஒன்று கீழே. அந்தக் கோணலைப் பார்த்துக்கொண்டு சாயந்திரம் வரை இருக்க அவரால் முடியுமா, நீங்களே சொல்லுங்கள். நகத்தால் வளைக்கத்தான் போனார். கை பழக்கதோஷத்தில் கத்தரியிடம் போய்விட்டது. தொங்குகிற கொக்கியின் அடியில் ஒரு துளி, பிளாஸ்டிக்தானே, கிருதா ஒதுக்குகிற மாதிரி எடுத்தார். இப்போது அது குட்டையாகி, மற்றது நீளமாகத் தெரிந்தது. அதில் ஒரு துளி. கொஞ்சம் கூடிப்போயிற்று. மறுபடி இதில். இரண்டும் ஓரளவு சமமாக வந்தபோது, இரண்டாவது பெட்டியின் மறுமுனைக் கொக்கி மட்டும் காடாக வளர்ந்த மாதிரி கண்ணை உறுத்தியது. அதையும் ஒதுக்கினார். அதோடு சேருகிற மூன்றாவது பெட்டிக் கொக்கியை மட்டும் விட்டால் நன்றாகவா இருக்கும்? அதையும் ஒதுக்கினார். இன்ஜினிடம் வந்தபோதுதான் கத்தரி நின்றது. இன்ஜின் என்றால் கொஞ்சம் மரியாதை இருக்கிறது பாருங்கள்.

தள்ளி நின்று பார்த்தார். எல்லாம் கன கச்சிதம். கொக்கி இருந்த இடத்தில் சின்னச் சின்னக் கட்டை, எல்லாம் ஒரே நீளம். ஒன்றோடு ஒன்று மாட்டத்தான் வழியில்லை.

அது அவருக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. உறைத்ததும் அப்படியே தரையில், முடிக்குப்பை மேலேயே உட்கார்ந்துவிட்டார். "போச்சு" என்றார் சத்தமாக. "எல்லாம் போச்சு. என் கையை உடைக்கணும்." மகள் வருகிற நேரம்.

வந்தாள். பையை வாசலில் போட்டாள். முதலில் அப்பாவைப் பார்த்தாள், பிறகு பலகையில் தனித்தனியாக நின்ற பெட்டிகளை, பிறகு தரையில் கிடந்த கத்தரியை. கை தன்னால் காதுக்குப் போயிற்று.

"ரயிலுக்கு முடி வெட்டிட்டீங்களா?"

"ஆமாடா."

"ஏன்?"

"ஒரு நூல் ஜாஸ்தியா இருந்துச்சு."

குட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காதைப் பொத்திக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா சொல்றது சரிதான். அப்பா ஒரு லூசு" என்றாள். அவரால் சிரிக்க முடியவில்லை. "ரயில் விழாம ஓடினா உட்காருறேன்னு சொன்னியே. சக்கரத்தை சரி பண்ணிட்டேன்டா. இப்ப விழறதே இல்ல. இதை மட்டும் கெடுத்துட்டேன்" என்றபோது கண்ணில் நீர் நின்றது. பெரியவர்கள் அழுது அவள் பார்த்ததில்லை. சிரிப்பை நிறுத்திக்கொண்டு கிட்டே வந்தாள்.

பலகையை எட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. சரி என்று நாற்காலியில் ஏறி முட்டி போட்டாள். அப்பா மூச்சுவிடவில்லை. நாற்காலியில் ஏறியிருக்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது. ஞாபகப்படுத்த அவர் என்ன பைத்தியமா?

இரண்டு பெட்டிகளை எடுத்து முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்தாள். கட்டைகளைத் தொட்டாள். "இதுல கட்டினா நிக்கும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, காதுக்கு மேலிருந்த குடுமியின் ரப்பர் பேண்டை உருவினாள். ஒரு கட்டையில் ஒரு சுற்று, எதிர்க் கட்டையில் ஒரு சுற்று. உச்சிக் குடுமியின் ரப்பர் பேண்டையும் உருவி அடுத்த ஜோடியைக் கட்டினாள். இன்ஜினுக்கும் முதல் பெட்டிக்கும் கொக்கி இருந்தது, அதை மாட்டினாள். குமிழைத் திருகினாள்.

ரயில் கிளம்பியது. வளைவு வந்தது. ரப்பர் இழுபட்டது, பெட்டி ஆடியது, திரும்பியது. மறுபடி வந்தது, மறுபடி திரும்பியது. "விழல! அப்பா, விழல!" என்று குதித்தாள். ரப்பர் வளைவில் எப்படி இழுபடுகிறது என்று பார்க்க வேண்டும் அவளுக்கு. கன்னத்தைப் பலகையில் வைத்துப் படுத்துக்கொண்டாள். கட்டு அவிழ்ந்த முடி தண்டவாளத்தில் சரிந்தது. இன்ஜின் வந்தது, வந்த வேகத்தில் முடியைச் சக்கரத்தில் சுருட்டிக்கொண்டு உறுமி நின்றது.

"ஆ!"

அப்பா பாய்ந்து குமிழைத் திருகி அணைத்தார். இடது காதுக்குப் பக்கத்தில், ஒரு கற்றை முடியைக் கவ்விக்கொண்டு இன்ஜின் தொங்கியது. சிமிட்டாவால் பிரிக்கப் பார்த்தார். இழுத்தால் அவளுக்கு வலித்தது. அச்சில் அவ்வளவு இறுக்கமாகச் சுற்றியிருந்தது. கத்தரி என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை, மகள் தலைக்கு அதைத்தான் மூன்று வருஷமாக மறந்திருந்தாரே. இழுப்பறையைத் திறந்து ஒரு குறடை எடுத்துக்கொண்டு இன்ஜினிடம் வந்தார். சக்கரத்தையே பிடுங்கிவிட்டால் முடி விட்டுவிடும் என்பது கணக்கு.

குட்டி குறடைப் பார்த்துவிட்டாள். "ரயிலை வெட்டாதீங்கப்பா!"

"வெட்டலடா, சக்கரத்தை மட்டும்..."

"இல்ல, நீங்க வெட்டிடுவீங்க! எல்லாத்தையும் வெட்டிடுவீங்க! ரயில் வேணாம், முடியை வெட்டுங்க!"

குறடு நடுவழியில் நின்றது.

"கத்தரி எடுக்கணுமே கண்ணு" என்றார்.

"எடுங்க."

"காதுக்குப் பக்கத்துலடா."

அவள் ஒரு கையால் இன்ஜினைத் தாங்கியிருந்தாள். மறு கையால் அதோடு தொங்கிய பெட்டியைப் பிடித்திருந்தாள். காதைப் பொத்தக் கை இல்லை. பொத்த வேண்டுமானால் ரயிலை விட வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிடியை விடவில்லை. "சீக்கிரம், கை வலிக்குது" என்றாள்.

எத்தனையோ ஆயிரம் தலை பார்த்தவருக்கு அன்றுதான் கத்தரி கனத்தது. இடது கையை அவள் காதின் மேல் கவிழ்த்து மூடிக்கொண்டு, தன் விரலே வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை என்று, விரலுக்கு வெளியே ஒரே வெட்டு. கத்தரி ஒரு தடவை கிளுக்கென்றது. இன்ஜின் அவள் கைக்கு வந்துவிட்டது.

குட்டி நிமிர்ந்தாள். காதைத் தொட்டுப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், ஒன்றுமில்லை. கண்ணாடியில் அவள் தலையைப் பார்த்தார் அப்பா. இடது பக்கம் காதோடு நின்றது, வலது பக்கம் தோளில் புரண்டது. இத்தனை கோணலை அந்தக் கண்ணாடி கண்டதே இல்லை. கத்தரி பிடித்த கை வலது பக்கம் தானாக எழுந்தது.

"அந்தப் பக்கம் கொஞ்சம்..."

"இன்னைக்கு இது போதும்" என்றாள் குட்டி. சிமிட்டாவை எடுத்து அச்சிலிருந்து தன் முடியைப் பிடுங்க ஆரம்பித்திருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. "அது நாளைக்கு."

எழுந்த கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக இறங்கிக் கத்தரியைப் பலகையில் வைத்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பி, இல்லாத எதையோ அலமாரியில் வெகுநேரம் தேடினார்.

மருந்துக்கடையிலிருந்து திரும்பிய மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஐயய்யோ, யார்டி உன்னை இந்த லட்சணத்துக்கு ஆளாக்கினது?" என்றாள். "அப்பாதான்" என்றாள் குட்டி, ஏதோ தினமும் நடப்பது மாதிரி. மனைவி கணவரின் முகத்தைப் பார்த்தாள். மகளின் பையை எடுத்துக்கொண்டாள். இருவரும் படியிறங்கினார்கள். ஒரு பக்கம் குட்டையும் ஒரு பக்கம் நெட்டையுமாக அந்தத் தலை தெருவோடு துள்ளிக்கொண்டு போவதை அவர் வாசலில் நின்று பார்த்தார்.

அப்போது புது ஆள் ஒருவர் வந்து, "நாளைக்கு சாயந்திரம் முடி வெட்டிக்க வரலாமா?" என்று கேட்டார்.

"நாளைக்கு சாயந்திரம் முடியாது சார்" என்றார் ஈக்வல் அண்ணன். "என் பொண்ணு வர்றா."